உங்களுக்குத் தெரியுமா? லியோன் நகரத்து வைன் குப்பி
பிரான்சின் லியோன் நகரில் 'பூஷோன்' எனப்படும் சிறிய உணவகங்களில் வைன் பரிமாறப்படுவது 'போ' என்ற கண்ணாடிக் குப்பியில். வழக்கமான வைன் பாட்டில் 75 சென்டிலிட்டர் கொள்ளும்; இது 46 மட்டுமே. அடிப்பகுதி மிகத் தடிமனாக இருப்பதால் நெருக்கியடித்த மேசையிலும் எளிதில் சாயாது. நகருக்கு வடக்கே விளையும் பூஜொலே சிவப்பு வைன் இதில் அதிகம் வரும். ரோன், சோன் ஆகியவற்றுக்கு அடுத்து லியோனில் ஓடும் மூன்றாவது ஆறு பூஜொலே என்பது ஊர்க்காரர்களின் பழைய கேலி.

உடன் வரும் உணவில் நாசூக்கு குறைவு, ருசி அதிகம்: பன்றித் தொத்திறைச்சி, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த மாட்டிரைப்பை. நகரின் சமையல் புகழைப் பெரிதும் வளர்த்தவர்கள் பெண்கள். அவர்களுள் யூஜெனி பிராசியே 1933இல் தம் இரண்டு உணவகங்களுக்கும் தலா மூன்று மிஷெலின் நட்சத்திரங்கள் பெற்றார். பின்னாளில் உலகப் புகழ்பெற்ற பால் பொக்யூஸ் இளமையில் தொழில் பழகியதும் அவரது அடுக்களையில்தான்.