கடன் கொடுப்போரின் சங்கம்: இங்கிலாந்து பில்டிங் சொசைட்டிகளின் அனுபவம்



சென்ற மாதம் நம் டிரஸ்ட் அலுவலகத்திற்கு ஒரு சகோதரர் வந்தார். புரோமோட்டரே ஏற்பாடு செய்து கொடுத்த வீட்டுக் கடனில் ஃபிளாட் வாங்கியவர். இரண்டு மழைக்காலம் போவதற்குள் சுவரெல்லாம் ஓதம் ஏறிவிட்டது. "லீகல் பார்த்து, வேல்யுவேஷன் பார்த்துத்தானே பாய் கடன் கொடுத்தாங்க? அவங்களுக்குப் பொறுப்பு இல்லையா?" என்று கேட்டார். இதே கேள்வி எண்பது ஆண்டுகளுக்கு முன்பே இங்கிலாந்தில் நீதிமன்றம் ஏறியிருக்கிறது. அங்கே வீட்டுக் கடன் கொடுப்பவர்கள் தங்களுக்கென ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். அந்தச் சங்கத்தின் வரலாற்றில் நமக்கும் பாடம் இருக்கிறது.

சீட்டுப் பணத்தில் வீடு

1775ஆம் ஆண்டு பர்மிங்ஹாம் நகரில் ரிச்சர்ட் கெட்லி என்பவர் நடத்திய விடுதியில் கூடியவர்கள் ஒரு சொசைட்டி தொடங்கினார்கள். அறியப்பட்ட முதல் பில்டிங் சொசைட்டி அதுதான். உறுப்பினர்கள் மாதந்தோறும் பணம் கட்டுவார்கள். ஒரு வீட்டுக்கு வேண்டிய தொகை சேர்ந்ததும் ஒருவருக்குக் கொடுப்பார்கள். வீடு கிடைத்தவரும் கடைசி உறுப்பினருக்கு வீடு கிடைக்கும்வரை தொடர்ந்து கட்ட வேண்டும். அதன்பின் சொசைட்டி கலைந்துவிடும். நம் ஊர்ச் சீட்டு போலத்தான். கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே கூட்டத்தார்.

பிற்காலத்தில் வட்டியே இல்லாமல், குலுக்கலில் பெயர் விழுந்தவருக்குக் கடன் கொடுக்கும் சொசைட்டிகளும் வந்தன. ஆனால் பெயர் விழுந்தவர் அந்த முறையை இன்னொருவருக்கு லாபத்திற்கு விற்கத் தொடங்கியதும் அது சூதாட்டமாக மாறியது. 1894ஆம் ஆண்டுச் சட்டம் புதிய சொசைட்டிகளில் குலுக்கலைத் தடை செய்தது. வட்டி இல்லை என்பதால் மட்டும் ஒரு ஏற்பாடு நேர்மையானதாகிவிடாது என்பதை இதிலிருந்து அறிகிறோம்.

1845 முதல் கலையாத, நிரந்தர சொசைட்டிகள் வந்தன. வீடு தேவைப்படாதவர்களும் வட்டிக்காகப் பணம் போட்டார்கள். வீடு தேவைப்பட்டவர்கள் வரிசையில் காத்திருக்காமல் வட்டிக்குக் கடன் வாங்கினார்கள். பணம் போட்டவருக்கு வட்டி கூட வேண்டும், வாங்கியவருக்குக் குறைய வேண்டும். ஒரே கூட்டத்தார் இப்படி இரண்டு தரப்பானார்கள். நடுவில் நிர்வாகிகள் நின்றார்கள்.

யாருக்குப் பாதுகாப்பு?

1869இல் இந்த நிர்வாகிகள் சேர்ந்து 'பில்டிங் சொசைட்டிகள் பாதுகாப்புச் சங்கம்' அமைத்தார்கள். பாதகமான சட்டங்களிலிருந்து சொசைட்டிகளைக் காப்பது அதன் நோக்கம். வீடு வாங்கும் குடும்பத்தைக் காப்பது அல்ல. இதில் தவறொன்றும் இல்லை. வியாபாரிகள் சங்கம் வியாபாரிகளுக்காகத்தான் இருக்கும். வாடிக்கையாளர் அதை மறந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். 1874இல் சொசைட்டிகளுக்கு முறையான சட்ட அந்தஸ்து கிடைத்தது.

1892இல் பெரிய இடி விழுந்தது. அப்போது நாட்டிலேயே பெரிய சொசைட்டியான 'லிபரேட்டர்' கவிழ்ந்தது. அதை நடத்தியவர் ஜேபஸ் பால்ஃபர், நாடாளுமன்ற உறுப்பினர், மதுவிலக்குப் பிரச்சாரகர், பக்திமான் என்று பெயரெடுத்தவர். போதகர்கள் பலர் தங்கள் சபையாரிடம் அதற்குப் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். அந்தப் பணம் எளியவர்களின் வீடுகளுக்குப் போகவில்லை. பால்ஃபரின் சொந்த நிலக் கம்பெனிகளுக்குப் போனது. அவர் அர்ஜென்டினாவுக்கு ஓடினார். பிடித்துக் கொண்டுவரப்பட்டு 1895இல் பதினான்கு ஆண்டு கடுங்காவல் பெற்றார். பணம் போட்ட விதவைகளும் முதியவர்களும் வீதிக்கு வந்தார்கள். ஹலால் முதலீடு என்ற பெயரில் நம் மக்கள் இழந்த தொகைகளை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். தாடியும் தொப்பியும் கணக்குப் புத்தகத்திற்கு ஈடாகாது.

ஒரு தாய் தொடுத்த வழக்கு

1930களில் இங்கிலாந்தில் வீடுகள் லட்சக்கணக்கில் எழும்பின. வழக்கமாக சொசைட்டிகள் விலையில் முக்கால் பங்கு அல்லது சற்றுக் கூடுதலாகத்தான் கடன் கொடுக்கும். மீதியைக் குடும்பம் புரட்ட வேண்டும். இதைத் தாண்ட ஒரு வழி கண்டார்கள். பில்டர் சொசைட்டியிடம் ஒரு தொகையை ஈடாகப் போட்டு வைப்பார். அந்தத் தைரியத்தில் சொசைட்டி 95 சதவீதம் வரை கடன் கொடுக்கும். வாங்குபவருக்கு இந்த ஏற்பாடு பெரும்பாலும் தெரியாது. சொசைட்டியே பார்த்துக் கடன் கொடுக்கிறது, வீடு நன்றாகத்தான் இருக்கும் என்று நம்பினார். சொசைட்டியோ தன் பணத்திற்கு பில்டரின் ஈடு இருக்கிறது என்று நம்பியது. சுவரை யாரும் தட்டிப் பார்க்கவில்லை.

லண்டன் அருகே வெஸ்ட் விக்கம் என்ற ஊரில் டாக்சி ஓட்டுநரின் மனைவி எல்சி போர்டர்ஸ் அப்படி ஒரு வீட்டில் குடியேறினார். கூரை ஒழுகியது, சுவரில் ஈரம் ஏறியது. 1937இல் தவணையை நிறுத்தினார். சொசைட்டி வீட்டைக் கேட்டு வழக்குப் போட்டது. அவர் எதிர்வழக்குப் போட்டு, வக்கீல் இல்லாமல் தானே வாதாடினார். மற்ற ஊர்களிலும் பல குடும்பங்கள் தவணையை நிறுத்தின. 1939இல் உயர் நீதிமன்றம் வீட்டை சொசைட்டிக்குக் கொடுக்க மறுத்தது, அவர் கேட்ட நஷ்டஈட்டையும் மறுத்தது. 1941இல் பிரபுக்கள் சபை சொசைட்டிக்குச் சாதகமாகவே முடிவு சொன்னது. ஆனால் அதற்குள், 1939ஆம் ஆண்டுச் சட்டம் பில்டர் ஈட்டுக்கு வரம்பு கட்டி, அப்படி ஈடு இருந்தால் கடன் வாங்குபவரிடம் சொல்லியாக வேண்டும் என்று ஆக்கிவிட்டது.

சங்கத்திற்குள்ளும் இது வெடித்தது. நடத்தை விதிகளை ஏற்பதா வேண்டாமா என்ற சண்டையில் 1936இல் சங்கம் பிளந்தது. பின்னர்தான் ஒன்று சேர்ந்தது.

சங்கம் சொன்ன வட்டி

1939 முதல் 1980களின் முற்பகுதிவரை, வட்டி எவ்வளவு என்று சங்கமே சொசைட்டிகளுக்குப் பரிந்துரை செய்தது. பெரும்பாலானவை அதையே பின்பற்றின. வட்டி கண்டபடி ஏறவில்லை என்பது நன்மை. எந்தக் கதவைத் தட்டினாலும் ஒரே விலை என்பது தீமை. 1983இல் அபே நேஷனல் விலகியதும் அந்த ஏற்பாடு கலைந்தது. 1986ஆம் ஆண்டுச் சட்டம் சொசைட்டிகள் கம்பெனியாக மாற வழி திறந்தது. 1989இல் அபே நேஷனலும், 1997இல் ஹாலிஃபாக்ஸ், நார்தர்ன் ராக் முதலியவையும் மாறின. உறுப்பினர்களுக்கு இலவசப் பங்குகள் கிடைத்தன. 2007இல் நார்தர்ன் ராக் வாசலில் மக்கள் பணம் கேட்டு வரிசையில் நின்றார்கள். அடுத்த ஆண்டு அரசு அதை எடுத்துக்கொண்டது. அப்படி மாறியவற்றில் ஒன்றுகூட இன்று தனித்த நிறுவனமாக இல்லை. மாறாத சொசைட்டிகள் இருக்கின்றன, அவற்றின் சங்கமும் இருக்கிறது.

அங்குள்ள முஸ்லிம்களுக்கும் இதில் ஒரு பகுதி உண்டு. வட்டியில்லா முறையில் வங்கி முதலில் வீட்டை வாங்கிப் பிறகு குடும்பத்திற்கு விற்கும். இரண்டு விற்பனை என்பதால் முத்திரை வரி இரண்டு முறை விழுந்தது. 2003ஆம் ஆண்டு நிதிச் சட்டம் அந்த இரட்டை வரியை நீக்கியது.

நமக்கு

வந்த சகோதரருக்கு நான் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். கடன் கொடுப்பவர் எடுக்கும் லீகல் ஒபீனியனும் வேல்யுவேஷனும் அவருடைய பணத்தின் பாதுகாப்புக்கு. உங்கள் பாதுகாப்புக்கு நீங்களே ஒரு வக்கீலையும் ஒரு இன்ஜினியரையும் பார்க்க வேண்டும். புரோமோட்டர் கடனும் ஏற்பாடு செய்கிறார் என்றால், அவருக்கும் கடன் கொடுப்பவருக்கும் இடையே என்ன ஒப்பந்தம் என்று எழுத்தில் கேளுங்கள். கடன் விவரத்தை எழுதிக்கொள்ளுங்கள் என்பது அல்பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனம் நமக்கு இட்ட கட்டளை. எழுதியதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுவதும் அதில் அடங்கும்.

கையெழுத்திடும் முன் பத்திரங்களோடு அலுவலகத்திற்கு வாருங்கள், சேர்ந்து படிப்போம். இட்ட பிறகு வந்தால் எங்களால் துஆ செய்யத்தான் முடிகிறது. அல்லாஹ் நம் அனைவருக்கும் ஹலாலான, உறுதியான இருப்பிடங்களைத் தந்தருள்வானாக. ஆமீன்.