உப்புக் காற்றில் உலராத பூ

தை பிறந்து மழை விலகியதும், புதுச்சேரிக்கு வடக்கே கடற்கரையில் இருக்கும் மரக்காணத்தின் உப்பளங்களில் வேலை தொடங்கிவிடும். பாத்தியில் பாய்ச்சிய நீரை வெயிலும் கடற்காற்றும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொள்ள, அடியில் உப்பு விளைகிறது. பூவைக் காயவைத்துக் காப்பாற்றும் கலையும் ஒரு வகையில் இதே வேலைதான். பறித்த பூவின் எடையில் பத்தில் எட்டு ஒன்பது பங்கு நீர். அந்த நீர் அழுகலுக்கு இடம் கொடுக்கும் முன்பே வெளியேறிவிட்டால், இதழும் நிறமும் பல ஆண்டுகள் தங்கும்.

அப்படியானால் உப்பிலேயே பூவைப் புதைத்து வைக்கலாமே என்று தோன்றும். பழைய எகிப்தியர்கள் நேட்ரான் என்ற இயற்கை உப்பைக் கொண்டுதான் இறந்தவர் உடலை உலர்த்தினார்கள். துட்டன்காமன் கல்லறையை 1922-இல் ஹோவர்டு கார்ட்டர் கண்டுபிடித்தார்; மன்னனின் சவப்பெட்டிகள் மேல் வைத்திருந்த மலர்வளையங்கள் 3,300 ஆண்டுகள் கழித்தும் உருக்குலையாமல் கிடைத்தன. ஆனால் பூக்களைக் காத்தது உப்பு அல்ல, பாலைவனத்தின் வறண்ட காற்று. மரக்காணத்தில் அந்தக் காற்று கிடையாது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால், சமையல் உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துத் தானே கசியத் தொடங்கும். அளத்து உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே நீர் விட்டுக்கொள்ளும். மழைநாளில் அடுப்படி உப்புச் சாடியைத் திறந்தவர்களுக்கு இது தெரியும். கடற்கரை வீட்டில் கல்லுப்புக்குள் வைத்த ரோஜா காய்வதற்குப் பதில் நைந்துபோக வாய்ப்பு அதிகம்.

கல்லுப்பு செய்ய முடியாததை சிலிக்கா ஜெல் செய்கிறது. புதுச் செருப்பு, மருந்துக் குப்பி ஆகியவற்றோடு சிறு பொட்டலமாக வருகிற அதே மணிகள்தான். தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீரை அவை உறிஞ்சும். மூடி இறுக்கமான டப்பாவில் மணிகளைப் பரப்பி, பூவை நிமிர்த்தி வைத்து, இதழ்களுக்கு நடுவே மெதுவாக நிரப்பி மூடிவிட்டால், ரோஜா ஒரு வார அளவில் வடிவம் குலையாமல் காய்ந்துவிடும். ஈரம் ஏறிய மணிகளைச் சுமார் 120 டிகிரி செல்சியஸில் சூடாக்கித் திரும்பவும் பயன்படுத்தலாம். நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறுகிற மணிகளில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது. அது நச்சு என்பதால், வீட்டுக்கு ஆரஞ்சு நிற மணிகளே நல்லது.

தமிழ்நாட்டில் உலர்மலர் ஒரு பெருந்தொழிலாகவே வளர்ந்த ஊர் தூத்துக்குடி. மாநிலத்தில் உப்பு அதிகம் விளைவதும் அங்கேதான் என்பது தற்செயல் அல்ல. ஆண்டுக்குச் சுமார் 650 மில்லிமீட்டர் மழை, நீண்ட வெயில், பக்கத்திலேயே துறைமுகம் என்று உப்புக்கு வாய்த்தது எல்லாம் பூவுக்கும் வாய்த்தது. அங்கிருந்து கப்பலேறும் சரக்கில் பூவைவிடத் தாமரைக் காய், பருத்திக் காயின் ஓடு, பனையின் பாகங்கள், புல், கிளை, விதைக்கூடு போன்றவையே அதிகம். வெளுத்து, சாயம் ஏற்றி, கட்டுக்கட்டாக ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகின்றன. இந்தியாவின் மலர் ஏற்றுமதியில் உலர்மலர் நெடுங்காலம் பெரும்பங்கு வகித்தது என்பது, மாலையும் சரமுமாகப் புதுப்பூவிலேயே வாழும் நமக்கு வியப்பான செய்திதான். மரக்காணம், புதுச்சேரிக் கரையில் மழை தூத்துக்குடியைவிட மிக அதிகம். இங்கே அதே தொழில் அதே வடிவில் வேரூன்றாததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

இந்தக் கரையின் வழி வேறு. மரக்காணத்திலிருந்து தெற்கே சுமார் 35 கிலோமீட்டரில் புதுச்சேரி. அங்கே பூ ஏற்றுமதிச் சரக்காக அல்லாமல் நினைவுப் பொருளாக வளர்ந்தது. அரவிந்தர் ஆசிரமத்தின் அன்னை ஏறத்தாழ 900 பூக்களுக்கு ஆன்மிகப் பொருள் சொல்லிப் பெயரிட்டார். ஆசிரமத்திலிருந்து உலர்ந்த இதழ்கள் சிறு உறையில் அன்பர்களின் கைக்குப் போகின்றன. பலர் அதைப் பணப்பையிலேயே வைத்துக்கொள்கிறார்கள். 1959-இல் தொடங்கிய ஆசிரமக் கைக்காகிதக் கூடத்தில் பருத்திக் கூழோடு பூவிதழ் சேர்த்து எடுக்கும் தாள்கள் உண்டு. ஆரோவில்லின் ஷ்ரத்தாஞ்சலி கூடம் அழுத்தி உலர்த்திய பூவையும் இலையையும் வாழ்த்து அட்டையாக, விளக்குக் கூடாக ஆக்குகிறது. அழுத்தும் முறை எளியது: செய்தித்தாள் மடிப்புக்குள் பூ, மேலே கனம், முதல் சில நாள் தினமும் தாள் மாற்றுவது. பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் தாவர மாதிரிக் கூடத்தில் அடுக்கியிருக்கும் செடிகளும் இப்படி அழுத்திக் காயவைத்தவையே.

எந்தப் பூவை எடுப்பது என்பதில்தான் பாதி வெற்றி. வாடாமல்லியிலும் காகிதப்பூவிலும் நாம் இதழ் என்று நினைப்பது உண்மையில் பூவைச் சூழ்ந்த நிற இலைகள். இயல்பிலேயே நீர் குறைந்தவை. அவற்றுக்கு நிறம் தருவது பீட்டாலைன் என்ற நிறமி. பீட்ரூட்டின் சிவப்பும் அதே குடும்பம். காய்ந்த பிறகும் ஊதாவாகவே நிற்கும். கோழிக்கொண்டையும் அப்படியே. காகிதப்பூ உப்புக் காற்றையும் தாங்கி மதில்மேல் செழிக்கும் செடி என்பதால் இந்தக் கரைக்கு அதைவிடப் பொருத்தமான பூ இல்லை. சிவப்பு ரோஜாவின் நிறமி வேறு, காயும்போது கறுக்கும். மல்லிகையின் கதி இன்னும் மோசம். மெல்லிய இதழ் பழுப்பாகி, மணமும் போய்விடும். எவ்வளவு ஆசைப்பட்டாலும் மல்லிகைச் சரத்தை மட்டும் காப்பாற்ற முயல வேண்டாம்.

இதைச் சொல்லக் காரணம், கல்யாண மாலையைப் பிசினில் பதித்து வைக்கும் வழக்கம் இப்போது வேகமாகப் பரவுவதுதான். முழு மாலையையும் கொடுத்து ஏமாறுவதைவிட, அன்றிரவே நல்ல ரோஜாக்களை மட்டும் பிரித்து உலர்த்தத் தொடங்குவது மேல். ஈரம் மிச்சமிருந்தால் பிசினுக்குள் பூ பழுப்பாகும், குமிழி கட்டும். எப்பாக்சி பிசின் இறுகும்போது சூடாகும். ஆகையால் தடித்து ஒரே முறையில் ஊற்றாமல், அடுக்கடுக்காக ஊற்ற வேண்டும். கையுறையும் திறந்த சன்னலும் கட்டாயம். வெயில் படும் இடத்தில் வைத்தால் நாளாக நாளாகப் பிசின் மஞ்சளாகும்.

ஐப்பசி பிறந்தால் உலர்ந்த பூவுக்குச் சோதனைக் காலம். பூஞ்சை பிடிக்கும், சிகரெட் வண்டு என்ற சிறு பூச்சி இதழைத் துளைக்கும். கண்ணாடிச் சட்டத்துக்குள்ளோ காற்றுப் புகாத டப்பாவிலோ, ஒரு பொட்டலம் சிலிக்கா ஜெல்லோடு வைத்தால் தப்பிக்கும்.

அதே மாதங்களில்தான் மரக்காணம் அளங்களில் வேலை நின்றுவிடுகிறது. பாத்திகள் மழைநீரில் மூழ்க, கோடை முழுக்க உப்பு வாரிக் கைகால் வெடித்த பெண்களுக்கு வருமானம் இல்லாமல் போகிறது. கோடையில் அழுத்திய காகிதப்பூவும் வாடாமல்லியும் இருப்பில் இருந்தால், அட்டையில் ஒட்டும் வேலையை மழைக்காலத்தில் வீட்டுக்குள்ளேயே செய்யலாம். பூ தெருவோரத்திலேயே பூத்துக் கிடக்கிறது. தேவையான சாமான் பழைய செய்தித்தாளும் இரண்டு பலகையும். வாங்கக்கூடிய கடைகளும் சுற்றுலாப் பயணிகளும் ஒரு மணி நேரப் பேருந்துத் தொலைவில் இருக்கிறார்கள். அளத்துப் பெண்களின் சுயஉதவிக் குழுக்களுக்கு இந்தப் பயிற்சியைப் பங்குனி, சித்திரையிலேயே தொடங்கிக் கொடுத்தால், அடுத்த ஐப்பசிக்குள் சரக்கு தயாராகிவிடும்.