பிள்ளையின் அறிவு: பிறப்பா, வளர்ப்பா?

"அவன் கெட்டிக்காரப் புள்ள, அது பொறப்புலயே வந்தது." "எம் புள்ளைக்குப் படிப்பு ஏறாதுங்க, நாங்க என்ன செய்யிறது?" லயத்திலும் கொழுந்து மலையிலும் இப்படிப் பேசிக்கொள்வதை நாம் அடிக்கடி கேட்கிறோம். தரம் 5 புலமைப்பரிசில் முடிவு வரும் நாட்களில் இந்தப் பேச்சு இன்னும் கூடும். அறிவும் திறமையும் தலையில் எழுதியபடிதான் வரும், அதில் நமக்குப் பங்கில்லை என்பதுதான் இதன் பொருள். இது சரிதானா என்று பார்ப்போம்.

தேயிலைக் கன்று சொல்லும் பாடம்

வி.பி. தேயிலையைப் பற்றி உங்களுக்கு நாம் சொல்லித்தரத் தேவையில்லை. ஒரே தாய்ச்செடியில் வெட்டிய துண்டுகளைத் தவறணையில் பைகளில் வைத்து வளர்க்கிறோம். அந்தக் கன்றுகள் எல்லாம் ஒரே இனம், ஒரே பரம்பரை. ஆனால் மேல்மண் கழுவிப்போன மேட்டில் நட்ட கன்றும், கான் வெட்டி, நிழல்மரம் வைத்து, உரம் போட்ட மலையில் நட்ட கன்றும் ஒரே மாதிரிக் கொழுந்து தருமா? தராது. அப்போது நாம் கன்றைக் குறை சொல்வதில்லை, மண்ணைத்தான் பார்க்கிறோம்.

பிள்ளைகளும் அப்படித்தான். பரம்பரை என்று ஒன்றுமே இல்லை என நாம் சொல்ல வரவில்லை. ஒரே வீட்டில் ஒருவன் கணக்கில் கெட்டி, ஒருத்தி பாட்டில் கெட்டி. தாய் தகப்பனிடமிருந்து வருவது நிச்சயம் உண்டு. ஆனால் வந்தது தழைக்குமா, வாடுமா என்பதில் வளர்ப்புக்கும் சூழலுக்கும் பெரிய பங்கு இருக்கிறது.

மூளை வளரும் காலம்

பிறந்த குழந்தையின் மூளை, பெரிய ஆளின் மூளையில் சுமார் கால் பங்கு அளவுதான். 2 வயதாகும்போது அது சுமார் முக்கால் பங்காகிவிடுகிறது. ஆகவே பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் முன்பே பெரிய வேலை நடந்து முடிந்துவிடுகிறது. "பேசத் தெரியாத புள்ளதானே" என்று நாம் நினைக்கும் வயதில்தான் அந்த வேலை மும்முரமாக நடக்கிறது.

அதற்கு முதலில் வேண்டியது சாப்பாடு. 2016ஆம் ஆண்டு நாடளாவிய ஆய்வில், 5 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதிலும் 100க்கு 17 பேர். தோட்டப்புறத்தில் 100க்கு 32 பேர்! இது உயரத்தோடு நிற்கும் குறையல்ல. உடம்புக்குப் போதாத சாப்பாடு மூளைக்கும் போதாது. இரும்புச்சத்துக் குறைந்தால் பிள்ளை சோர்ந்திருக்கும், கவனம் நிற்காது. கர்ப்பிணித் தாய்க்கு அயடீன் மிகவும் குறைந்தால் பிறக்கும் பிள்ளையின் மூளையே பாதிக்கப்படும்.

ஜமெய்க்காவில் கண்ட உண்மை

சாப்பாடு மட்டும் போதுமா? ஜமெய்க்கா என்ற தீவின் தலைநகரான கிங்ஸ்டனில் 1986, 87ஆம் ஆண்டுகளில் ஓர் ஆய்வு தொடங்கியது. நடத்தியவர் டாக்டர் சாலி கிரந்தம்-மெக்கிரெகரும் அவரது குழுவினரும். ஏழைக் குடும்பங்களில் 9 மாதத்துக்கும் 24 மாதத்துக்கும் இடைப்பட்ட, வளர்ச்சி குன்றிய 129 பிள்ளைகளைத் தெரிந்தெடுத்து நான்கு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குக் கிழமைக்கு 1 கிலோ பால்மா. இன்னொரு பிரிவினரின் வீட்டுக்குச் சுகாதார ஊழியர் கிழமைக்கு ஒரு தடவை, ஒரு மணித்தியாலம் வந்து போனார். மூன்றாவது பிரிவுக்கு இரண்டும் கிடைத்தன. நான்காவது பிரிவுக்கு இரண்டும் இல்லை. இப்படி 2 வருடம் நடந்தது.

வந்த ஊழியர் செய்தது என்ன? வீட்டிலேயே செய்யக்கூடிய விளையாட்டுச் சாமான்களைக் கொண்டு, பிள்ளையோடு எப்படிப் பேசுவது, எப்படி விளையாடுவது என்று தாய்க்குக் காட்டிக்கொடுத்தார். அவ்வளவுதான்.

2 வருட முடிவில் பால்மாவும் பலன் தந்திருந்தது, விளையாட்டும் பலன் தந்திருந்தது. இரண்டும் கிடைத்த பிள்ளைகளே அதிகம் முன்னேறியிருந்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு 22 வயதானபோது மறுபடி தேடிப் பார்த்தார்கள். பேச்சும் விளையாட்டும் கிடைத்தவர்கள், கிடைக்காதவர்களைவிடக் கூடுதலாகப் படித்திருந்தார்கள். அவர்களின் சம்பாத்தியமும் சுமார் 25 வீதம் அதிகம். பால்மா மட்டும் கிடைத்தவர்களிடம் அந்த வித்தியாசம் நிலைத்திருக்கவில்லை. பால்மா வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. வயிறு நிறைந்த பிள்ளைக்குப் பேச்சும் விளையாட்டும் வேண்டும் என்பதே அர்த்தம்.

நாம் செய்யக்கூடியவை

விடியலில் மலைக்குப் போய், இருட்டும் நேரம் வீடு வந்து, அடுப்பும் மூட்டும் தாய்க்கு நேரம் ஏது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இதற்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை.

- சமைக்கும்போது பிள்ளையிடம் பேசுங்கள். "இது வெங்காயம், இது சின்னது, இது பெரிசு" என்று சொன்னாலே அது பாடம்தான். பிள்ளை கேள்வி கேட்டால் "சும்மா இரு" என்று அடக்காமல் பதில் சொல்லுங்கள்.
- விளையாட்டுச் சாமான் கடையில்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. கழுவிய போத்தல், சிரட்டை, வெறும் டப்பா போதும். விழுங்கக்கூடிய சின்னச் சாமான் மட்டும் வேண்டாம்.
- இது தாய்க்கு மட்டும் உரிய வேலையல்ல. தகப்பனும் பிள்ளையை மடியில் வைத்துக் கதை சொல்லலாம். தாத்தா, அப்பாயி, அம்மாயியிடம் கதைக்கும் விடுகதைக்கும் பஞ்சமில்லையே!
- சின்னப் பிள்ளைக்குத் தேத்தண்ணி பழக்க வேண்டாம். சாப்பாட்டோடு குடிக்கும் தேத்தண்ணி, இரும்புச்சத்து உடம்பில் சேருவதைக் குறைக்கும். பெரியவர்களும் சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிப்பது நல்லது. அயடீன் சேர்த்த உப்பை மூடி வையுங்கள்.
- பிள்ளைக்குக் கிடைக்கும் திரிபோஷாவைப் பெரியவர்கள் பங்கு போட வேண்டாம்.
- பள்ளிக்குப் போகும் பிள்ளையை "மக்கு" என்று சொல்லாதீர்கள். இஸ்தோப்பில் ஒரு மூலையும், ஒரு வெளிச்சமும், சத்தமில்லாத ஒரு மணித்தியாலமும் கொடுங்கள். குடித்துவிட்டுப் போடும் சண்டை பிள்ளையின் படிப்பையும் சேர்த்துக் கெடுக்கும்.

பொறுப்பு பெற்றோரோடு முடிந்துவிடாது. பகலெல்லாம் பிள்ளை இருப்பது பிள்ளைக் காம்பராவில். அது தொட்டில் கட்டித் தூங்கவைக்கும் இடமாக மட்டும் இருக்கக்கூடாது. அங்கே பாட்டு, கதை, விளையாட்டு நடக்கின்றனவா, பால் கொடுக்கத் தாய்மாரை நேரத்துக்கு விடுகிறார்களா என்று கேட்க உங்களுக்கு உரிமையுண்டு. கேளுங்கள். கேட்டால் கோபிக்காமல் பதில் சொல்வது தோட்ட நிர்வாகத்தின் கடமை, நமது கடமையும்கூட.

எல்லாப் பிள்ளையும் டொக்டராகிவிடும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் மண்ணைக் கவனிக்காமல் கன்றைக் குறை சொல்வது நம் தொழிலில் இல்லாத பழக்கம். பிள்ளை விஷயத்திலும் அந்தப் பழக்கம் நமக்கு வேண்டாம்.