பசளைக் காசு யார் யாருக்குப் போனது?

பெரும்போகம் தொடங்கினால் மட்டக்களப்பில் வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளிப் பக்கமெல்லாம் "பசளைக் காசு எப்ப விழும்?" என்ற பேச்சுத்தான். அந்தக் காசு யார் யார் கணக்கில், எத்தனை ஏக்கருக்கு விழுந்தது என்று கேட்பவர்கள் குறைவு. கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

இலங்கையில் பசளை மானியம் 1962இல் தொடங்கியது. 2005க்குப் பிறகு 50 கிலோ மூட்டை 350 ரூபாய்க்குக் கிடைத்தது. 2016இல் மூட்டைக்குப் பதில் பணம், 2018இல் மறுபடி மூட்டை, 500 ரூபாய்க்கு, 2020இல் இலவசம், 2021இல் இரசாயனப் பசளைக்கே தடை. தடை நீங்கியபின் வந்தது மீண்டும் பணம். 2024/25 பெரும்போகத்தில் அது ஹெக்டேயருக்கு 25,000 ரூபாயாக உயர்ந்தது. உச்சம் இரண்டு ஹெக்டேயர். ஐந்து ஏக்கர் செய்பவருக்கு ஒரு போகத்துக்கு ஏறக்குறைய 50,000 ரூபாய்.

மூட்டையாக வந்த காலத்தில், உழவு இயந்திரப் பெட்டியில் யார் எத்தனை மூட்டை ஏற்றிப் போகிறார் என்று வயற்கண்டத்தில் எல்லோரும் பார்த்தார்கள். வங்கிக்குப் போகும் பணத்தில் இடைத்தரகர் தொல்லை குறைவு. ஆனால் பக்கத்து வயல்காரருக்கு ஒன்றும் தெரியாது.

மட்டக்களப்பில் இது சின்ன விடயமல்ல. வாவிக்கு இந்தப் பக்கம் எழுவான்கரையில் வீடும், அந்தப் பக்கம் படுவான்கரையில் வயலுமாக இருக்கும் காணிக்காரர் பலர் நிலத்தைக் குத்தகைக்குக் கொடுக்கிறார்கள். உழவு, விதைப்பு, பசளை, வெட்டுக்கூலி எல்லாம் குத்தகைக்காரர் தலையில். ஆனால் மானியம் கமநல சேவை நிலையத்தில் செய்கையாளராகப் பதியப்பட்ட பெயருக்கே போகும். வாய்ப்பேச்சில் வயல் எடுத்தவரின் பெயர் அங்கே ஏறாவிட்டால், பணம் காணிக்காரரின் கணக்கில் விழும். நல்ல மனிதர் அதைக் குத்தகையில் கழித்துவிடுவார். மற்றவர் வாய் திறக்கமாட்டார். வெயிலில் நின்று பயிர் செய்தவருக்கு, தன் வயலின் பெயரில் பணம் வந்ததே தெரியாமல் போகும்.

மானியம் பெற்றவர்களின் பட்டியலை வெளியிட்டால் இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் தனிமனித அந்தரங்கம் கெடாதா? ஐரோப்பாவில் இதே கேள்வி வழக்காக வந்தது. விவசாய மானியம் பெற்ற தனிநபர் எல்லோரின் பெயரையும் வேறுபாடின்றி வெளியிடுவது செல்லாது என்று 2010 நவம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2013இல் ஐரோப்பிய ஒன்றியம் விதியைத் திருத்தியது: சிறுதொகை பெறுவோரின் பெயரை மறைத்து, மற்றவர்களின் பெயரை வெளியிடுவது. இந்தியாவில் விவசாயிகளுக்குப் பணம் கொடுக்கும் பிரதமர் கிசான் திட்டத்தின் பயனாளிகளை ஊர்வாரியாக இணையத்தில் பார்க்கலாம். அப்படியிருந்தும் 2020இல் தமிழ்நாட்டில் தகுதியற்ற ஐந்து லட்சத்துக்கும் அதிகமானோர் அதில் சேர்க்கப்பட்டது வெளிப்பட்டது. இணையத்தில் கிடந்தால் மட்டும் போதாது, ஊரார் பட்டியலை வாசிக்க வேண்டும்.

நம் நாட்டிலேயே முன்மாதிரி உண்டு. 2023இல் அஸ்வெசும நலன்புரித் திட்டத்தின் பெயர்ப்பட்டியல் பிரதேச செயலகங்களில் காட்சிக்கு வைக்கப்பட்டு, மேன்முறையீடுகளும் ஆட்சேபணைகளும் கோரப்பட்டன. ஏழைக் குடும்பத்தின் பெயரை ஊரறியக் காட்டலாம் என்றால், பசளை மானியப் பட்டியலைக் கமநல நிலையச் சுவரில் கண்டவாரியாக ஒட்டுவதை மறுக்க நியாயமே இல்லை. பெயர், கண்டம், ஏக்கர், தொகை இருந்தால் போதும். அடையாள அட்டை இலக்கமும் வங்கிக் கணக்கு இலக்கமும் யாருக்கும் தேவையில்லை.

பட்டியல் ஒட்டப்படும்வரை காத்திருக்கவும் வேண்டாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் உள்ளது. தமிழிலேயே விண்ணப்பிக்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதற்கும் மேலே தகவலறியும் உரிமை ஆணைக்குழு. தனிப்பட்ட தகவல் என்று மறுக்கச் சட்டத்தில் இடமுண்டு. பொதுநலன் மேலோங்கினால் கொடுத்தே ஆகவேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது.

கமக்காரர் அமைப்புகள் இதைத் தனி ஆளின் தலையில் விட்டுவிடக் கூடாது. அடுத்த பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தண்ணீர் திறக்கும் திகதியைத் தீர்மானிக்கும்போதே, மானியப் பட்டியலை ஒட்டும் திகதியையும் கேட்டு வாங்குங்கள். குத்தகைக்கு வயல் செய்பவர்கள் விதைப்புக்கு முன்பே கமநல நிலையத்துக்குப் போய், அந்தக் காணிக்கு எதிரே யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.