பழைய டீசல் வேனைப் பராமரிக்கக் கற்றல்



வேனுக்குள்ளேயே படுக்கையும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் அமைத்து, போகிற இடத்திலேயே தங்கிவர உதவும் வண்டிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மோட்டார் வீடு என்று அவற்றைச் சொல்கிறார்கள். புதியது வாங்கப் பெரும்பணம் வேண்டும். ஆகவே பலர் இருபது முப்பது ஆண்டுகள் ஓடிய டீசல் வேனை வாங்கி, அதை வீடாக்கிக் கொள்கிறார்கள். நாங்களும் அப்படித்தான் செய்தோம். ஆனால் மெத்தைக்கும் திரைச்சீலைக்கும் காட்டிய அக்கறையை இஞ்சினுக்குக் காட்டவில்லை. அதற்குரிய பாடம் தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் சாலையில் கிடைத்தது.

மாலை மங்கும் நேரம். பின்புறம் குழந்தைகள் உறங்கிக்கொண்டிருந்தனர். ஏற்றத்தில் வண்டி திணறியது. ஒரு வளைவுக்குச் சற்று முன்னால் நின்றே போனது. லோரிகள் எங்களை உரசிச் செல்வதுபோல் கடந்து போயின. குழந்தைகளை எழுப்பிச் சாலையோரத்துக்கு அப்பால் நிற்க வைத்துவிட்டு, எச்சரிக்கை முக்கோணத்தைத் தொலைவில் வைத்தோம். சாதாரணக் கார் நின்றால் அதைவிட்டு வீடு திரும்பலாம். மோட்டார் வீடு நின்றால், வீடும் சேர்ந்தல்லவா நின்றுவிடுகிறது!

மறுநாள் ஒரு பட்டறையில், டீசல் பம்பையே மாற்ற வேண்டும் என்றார்கள். சொன்ன தொகை வேனின் விலையில் பாதி. அங்கே லோரி பழுது பார்க்க வந்திருந்த முதியவர் ஒருவர், "முதலில் ரப்பர் குழாயைப் பாருங்கள்" என்றார். தொட்டியிலிருந்து வரும் குழாயில் ஒரு சாண் நீளத் துண்டு வெடித்திருந்தது. சில வெள்ளிச் செலவில் கோளாறு தீர்ந்தது.

ஒரு சிறு வெடிப்பு எப்படி இஞ்சினையே நிறுத்தும்? இதைப் புரிந்துகொள்ள, டீசல் இஞ்சின் வேலை செய்யும் முறையை அறிய வேண்டும்.

ஜெர்மானியப் பொறியியலாளர் ருடால்ப் டீசல், 1897ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் நகரில் தமது இயந்திரத்தை வெற்றிகரமாக இயக்கிக் காட்டினார். பெட்ரோல் இஞ்சினில் தீப்பொறி எரிபொருளைப் பற்ற வைக்கிறது. டீசல் இஞ்சினில் தீப்பொறி இல்லை. சிலிண்டருக்குள் புகும் காற்றைப் பிஸ்டன் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காக அழுத்துகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பு சூடாவதை அறிவோம். அதே முறையில் இங்கே காற்றின் சூடு 500 பாகை செல்சியஸைத் தாண்டுகிறது. அந்தச் சூட்டில் டீசலைப் பனித்துளிபோல் பீய்ச்சினால், அது தானாகவே பற்றிக்கொள்கிறது.

அப்படிப் பீய்ச்சுவதற்கு, சாதாரணக் காற்றழுத்தத்தைப்போல் நூறு மடங்குக்கும் அதிகமான அழுத்தம் தேவை. திரவத்தை அழுத்தினால் அது சுருங்காது. அழுத்தம் உடனே மறுமுனைக்குப் போய்ச் சேரும். காற்றோ பஞ்சுபோல் சுருங்கிக்கொள்ளும். குழாயில் காற்று புகுந்துவிட்டால், பம்பு எவ்வளவு உழைத்தாலும் டீசல் பீய்ச்சப்படாது.

இன்னொன்றும் உண்டு. தொட்டிக்கும் பம்புக்கும் இடையிலுள்ள குழாயில் டீசல் உறிஞ்சப்பட்டு வருகிறது. அங்கே வெடிப்பு இருந்தால், டீசல் வெளியே சொட்டாமலே காற்று உள்ளே புகக்கூடும். எங்கள் வண்டியும் இரண்டு வாரங்களாகக் காலையில் கிளம்ப அடம் பிடித்தது. இரவில் டீசல் தொட்டிக்குத் திரும்பி இறங்கிவிட்டதே காரணம். நாங்கள் பேட்டரியின்மேல் பழியைப் போட்டோம். வண்டி சொல்லிக்கொண்டுதான் இருந்தது. கேட்கத்தான் எங்களுக்குத் தெரியவில்லை.

புகுந்த காற்றை வெளியேற்றுவது கடினமன்று. பழைய வண்டிகள் பலவற்றில் டீசல் பில்டரின்மேல் கையால் அழுத்தும் சிறு பம்பும், அருகே ஒரு திருகும் இருக்கும். திருகைச் சற்றே தளர்த்தி, கைப்பம்பை அழுத்தினால் முதலில் நுரை வரும். நுரை நின்று தெளிந்த டீசல் வந்ததும் திருகை இறுக்கிவிட வேண்டும். ஆனால் ஓர் எச்சரிக்கை. பீய்ச்சும் பம்பிலிருந்து சிலிண்டருக்குச் செல்லும் இரும்புக் குழாய்களின் அருகே, இஞ்சின் ஓடும்போது கையைக் கொண்டு செல்லாதீர்கள். அங்கே கசியும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் ஊசி குத்தியதுபோல் சிறிதாகத் தோன்றினாலும், தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இனி, நாம் பழகிக்கொள்ள வேண்டிய சில வேலைகளைப் பார்ப்போம்.

முதலாவது, டீசல் பில்டர். டீசலில் கலந்துவிடும் தண்ணீர் அதன் அடியில் தங்கும்; அதை அவ்வப்போது வடிக்க வேண்டும். மலேசியாவில் வாகன டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து செய்த எரிபொருளும் கலக்கப்படுகிறது. இது ஈரத்தை எளிதில் ஈர்ப்பது. பழைய தொட்டியில் படிந்த அழுக்கையும் கரைத்துக் கொண்டுவரக்கூடியது. மாதக்கணக்கில் நிறுத்திவைக்கும் வண்டிக்கு இந்தக் கவனிப்பு மிகவும் தேவை.

இரண்டாவது, இஞ்சின் எண்ணெய். டீசல் இஞ்சினில் அது விரைவில் கறுப்பது இயல்பு. ஆனால் பால்போல் வெளுத்தால், தண்ணீர் கலந்திருக்கிறது என்று பொருள். அளவு குறையாமல் கூடினால், டீசலோ தண்ணீரோ இறங்குகிறது என்று ஐயுற வேண்டும். வண்டி ஓடாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை எண்ணெயை மாற்றுவது நல்லது. பழைய எண்ணெயைக் கால்வாயில் ஊற்றாமல், அதைச் சேகரிக்கும் பட்டறையில் ஒப்படைக்க வேண்டும்.

மூன்றாவது, ரேடியேட்டர். வீட்டுச் சாமான்களைச் சுமந்து மலையேறும் வண்டிக்குச் சூடு பெரும் பகை. கிளம்புமுன், இஞ்சின் குளிர்ந்திருக்கையில் தண்ணீரின் அளவைப் பாருங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தம் நீங்கியதும் தண்ணீர் கொதித்துச் சீறி முகத்தைச் சுட்டுவிடும்.

நான்காவது, புகை. கரும்புகை வந்தால் காற்றுப் பில்டர் அடைத்திருக்கலாம். நீலப்புகை இஞ்சின் எண்ணெய் எரிவதைக் காட்டுகிறது. இஞ்சின் சூடான பின்னும் வெண்புகை நிற்காவிட்டால், டீசல் சரியாக எரியவில்லை அல்லது ரேடியேட்டர் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்குகிறது என்று கொள்ளலாம்.

இவற்றையெல்லாம் ஒரு குறிப்பேட்டில் தேதியுடன் எழுதி வைக்க வேண்டும். பழைய வண்டியை வாங்கும்போது டைமிங் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்று தெரியாவிட்டால், அதை உடனே மாற்றிவிடுவது நல்லது. ஓட்டத்தில் அது அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி இஞ்சினே பாழாகிவிடும். பெல்ட்டுக்குப் பதில் சங்கிலியோ பற்சக்கரமோ உள்ள இஞ்சின்களும் உண்டு. நம்முடையது எது என்று அறிந்துகொள்ள வேண்டும்.

எல்லாவற்றையும் நாமே செய்ய வேண்டுமா? வேண்டாம். பீய்ச்சும் பம்பைப் பிரிப்பதும், டைமிங் பெல்ட்டை மாற்றுவதும், பிரேக் வேலையும் தேர்ந்தவர்களுக்கு உரியவை. ஆனால் பட்டறையில் நிற்கும்போது, "முதலில் குழாயைப் பார்த்தீர்களா?" என்று கேட்கும் அளவுக்கேனும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த ஒரு கேள்வி நம் பணத்தைக் காக்கும். காலையில் பத்து நிமிடம் குனிந்து பார்க்கும் பழக்கம், இருட்டும் வேளையில் மலை வளைவில் நம் குழந்தைகளைக் காக்கும்.

அன்று அந்த முதியவரிடம் கூலி எவ்வளவு என்று கேட்டோம். அவர் வாங்கவில்லை. வெடித்த குழாய்த் துண்டை எங்கள் கையில் கொடுத்து, "இதை வண்டியிலேயே வைத்திருங்கள்" என்றார். இன்றும் அது ஓட்டுநர் இருக்கைக்கு அருகில்தான் இருக்கிறது.