தொம்மலூர்க் கல்லில் சொந்த ஊர்

"நீங்க எந்த ஊரு?"

"தொம்மலூர்."

"அது சரி, சொந்த ஊரு?"

பெங்களூரில் தமிழர் இருவர் முதன்முதலாகச் சந்தித்தால் இந்தப் பேச்சு தப்பாமல் வந்துவிடும். நாற்பது ஆண்டுகள் இங்கேயே இருந்து, வீடு கட்டி, பிள்ளைகளுக்குக் கல்யாணமும் செய்து வைத்தவர்கூட இரண்டாவது கேள்விக்குத்தான் முகம் மலர்ந்து பதில் சொல்லுவார். தேர் ஓடும் வீதி, ஆற்றங்கரை, பாட்டி வீட்டுத் திண்ணை, குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கும் மரத்தடி என்று அவர் பேச ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. பண்பாடு, மரபு என்று நாம் எதைச் சொன்னாலும் அது அங்கே, ஊரில், பத்திரமாக இருக்கிறது என்பது நம் எண்ணம். இங்கே இருப்பது ஆபீசும் பள்ளிக்கூடமும் டிராபிக்கும்தான். மே மாத லீவில் நான்கு நாள் போய் அந்த மரபைப் பார்த்துவிட்டு, வடகமும் ஊறுகாயும் கட்டிக்கொண்டு திரும்பி விடுகிறோம்.

இந்த எண்ணத்தைச் சற்று அசைத்துப் பார்க்கும் கற்கள் சில தொம்மலூரிலேயே இருக்கின்றன. தினமும் அந்தப் பக்கம் போய் வருகிறவர்களில் பலர் அவற்றைப் பார்த்ததில்லை. நானும் பல ஆண்டுகள் பார்க்காமல்தான் இருந்தேன்.

தொம்மலூர் லேஅவுட்டுக்குள் இருக்கும் சொக்கநாத சுவாமி கோயிலைத்தான் சொல்கிறேன். மதுரைப் பக்கத்து அன்பர்கள் பெயரைக் கேட்டதும் விபூதி எதிர்பார்த்து உள்ளே போவார்கள். அங்கே ஸ்ரீதேவி பூதேவியுடன் நிற்பவர் பெருமாள்! 'சொக்கன்' என்றால் அழகன். அந்த அழகு சிவனுக்கு மட்டும் பட்டா போட்டதில்லை. கல்வெட்டுகள் இந்தச் சுவாமியைச் சொக்கப்பெருமாள் என்றே குறிக்கின்றன. கோயில் சோழர் காலத்தது என்பது பொதுவாகச் சொல்லப்படுவது. நம் கையில் ஆதாரமாக இருக்கும் கல்வெட்டுகள் பதின்மூன்றாம் நூற்றாண்டையும் அதற்குப் பிற்பட்ட காலத்தையும் சேர்ந்தவை.

இவற்றைப் படித்து அச்சில் ஏற்றியவர் பெஞ்சமின் லூயிஸ் ரைஸ். 1837-இல் இதே பெங்களூரில் பிறந்த வெள்ளைக்காரர். பழைய மைசூர் நாடெங்கும் ஏறத்தாழ ஒன்பதாயிரம் கல்வெட்டுகளைத் தொகுத்து 'எபிகிராபியா கர்நாடிகா' என்ற வரிசையாக வெளியிட்டார். அதில் பெங்களூர் மாவட்டத்துக்கான ஒன்பதாம் தொகுதி 1905-இல் வந்தது. அதைப் புரட்டுகிறவருக்கு முதல் வியப்பு, பெங்களூரைச் சுற்றியும் அதற்குக் கிழக்கே கோலார் வரையிலும் எத்தனை கல்வெட்டுகள் தமிழில் இருக்கின்றன என்பதுதான். பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கங்கபாடி சோழர் கைக்கு வந்த பிறகு, ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு இந்தப் பகுதியின் கோயில் கணக்கும் நிலக் கணக்கும் பெரும்பாலும் தமிழில் எழுதப்பட்டன.

சரி, தொம்மலூர்க் கற்களில் என்னதான் எழுதியிருக்கிறது? ஊருக்குத் தொம்பலூர் என்று பெயர். ('ம்ப' என்பது நாளடைவில் 'ம்ம' ஆவது இயல்பு. பழைய தமிழ் எழுத்தில் வல்லென ஒலிக்கும் 'த'வுக்கும் மெலிந்து ஒலிக்கும் 'த'வுக்கும் வேறுபாடு கிடையாது. கன்னடர் வாயில் அது எப்படி ஒலித்தாலும் கல்லில் அது 'தொ' தான். நாம் இன்று எழுதுவதும் அதேதான்.) இன்னொரு பெயர் தேசிமாணிக்கப்பட்டணம். பட்டணம் என்றால் வணிகர் ஊர். 'தேசி' என்றதும் நானாதேசி என்று பெயர் பெற்ற, பல நாடுகளிலும் திரிந்து வாணிகம் செய்த கூட்டத்தார் நினைவுக்கு வருவார்கள். ஊர் விட்டு ஊர் வந்தவர்களின் பெயரே இந்த ஊருக்கு வாய்த்திருக்கிறது என்று கொள்ள இடமிருக்கிறது.

ஒரு கல்வெட்டில், தலைக்காட்டு என்ற அடைமொழியோடு குறிக்கப்படும் ஒருவரும் அவர் மனைவியும் சேர்ந்து ஜலப்பள்ளி ஊரிலும் விண்ணமங்கலத்து ஏரியிலும் நிலம் கொடுக்கிறார்கள். தமிழ்க் கல்வெட்டுகளைப் படித்துப் பழகியவர்களுக்குத் தெரியும், ஆளின் பெயருக்கு முன்னால் அவருடைய ஊர் வந்து நிற்கும். நம் இனிஷியல் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். தலைக்காடு என்பது காவிரிக்கரையில், மைசூருக்குக் கிழக்கே, மணல் மூடிய கோயில்களுக்குப் பேர்போன தலக்காடு. ஆக, இவர் தலைக்காட்டிலிருந்து தொம்பலூருக்கு வந்த மனிதராக இருக்கலாம் என்பது என் எண்ணம். வந்த ஊரின் பெருமாளுக்கு நிலம் கொடுத்தார். தன் பெயரில் விட்டு வந்த ஊரை வைத்துக்கொண்டார். "சொந்த ஊரு?" என்ற கேள்விக்குக் கல்லிலேயே பதில் எழுதி வைத்துவிட்டுப் போனவர்!

எனக்கு மிகவும் பிடித்தது 1270-ஆம் ஆண்டைச் சேர்ந்த, அளவில் சிறியதோர் கொடை. அழகியார் என்பவர் கோயிலுக்கு இரண்டு நிலைக்கால்கள் கொடுத்தார். நிலம் இல்லை, பொன் இல்லை, ஏரி இல்லை. வாசல்படியின் இரு பக்கமும் நிற்கும் இரண்டு கால்கள், அவ்வளவே. இன்று நாம் கோயில் டியூப்லைட்டில் "உபயம்" என்று எழுதி வெளிச்சத்தை மறைக்கிறோமே, அந்தக் குறும்பு நமக்கு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்.

1290-ஆம் ஆண்டுக் கல்வெட்டு அரசருடையது. போசள வீரராமநாத தேவர் இந்த ஊரின் வருவாயிலிருந்து பத்துப் பொன் கோயிலுக்கு ஒதுக்குகிறார். யார் இந்த ராமநாதர்? ஹொய்சள அரசர் சோமேசுவரரின் மகன். 1254-வாக்கில் ராஜ்யம் இரண்டு மகன்களுக்கும் பிரிந்தபோது, துவாரசமுத்திரம் (இன்றைய ஹளேபீடு) மூன்றாம் நரசிம்மருக்குப் போயிற்று. தமிழ்ப் பகுதியும் கோலார்ப் பக்கமும் ராமநாதருக்கு வந்தன. அவர் தலைநகரம் கண்ணனூர். சமயபுரம் மாரியம்மனைக் கும்பிடப் போகும் நம் குடும்பங்கள் பக்கத்திலேயே இருக்கும் போஜீஸ்வரர் கோயிலையும் ஒருமுறை எட்டிப் பார்க்கலாம். 'போசளேசுவரர்' என்பதுதான் அப்படித் தேய்ந்து வழங்குகிறது, சோமேசுவரர் கட்டியது. பின்னர் பாண்டியர் நெருக்கியதில் ராமநாதர் கண்ணனூரை விட்டு, இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்துக் குந்தாணிக்கு வந்து ஆண்டார். கன்னட அரச குலத்தில் பிறந்தவர், திருச்சிப் பக்கத்திலிருந்து ஆண்டவர், பெங்களூர்ப் பக்கத்துக் கோயிலுக்குத் தமிழில் ஆணை எழுதச் செய்தார். இவரை எந்தச் சங்கத்தில் உறுப்பினராகச் சேர்ப்பது?

பெயர்களுக்கு வருவோம். விண்ணமங்கலம் எங்கே போயிற்று என்று தேட வேண்டாம். இந்திராநகரில் பின்னமங்கலா என்கிறார்களே, அதுதான். தமிழில் வகரம் வரும் இடத்தில் கன்னடத்தில் மெல்லிய பகரம் வரும். நம் வெண்ணெய் அங்கே பெண்ணெ. தாவணகெரெ பெண்ணெ தோசை தின்பவர்க்கு இலக்கணப் புத்தகம் தேவையில்லை. அதுபோலவே நம் பகரம் அங்கே ஹகரமாகும்: பால் ஹாலு, பூ ஹூவு, பள்ளி ஹள்ளி. மடிவாளா சோமேசுவரர் கோயிலில் 1247-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று ஒரு பெரிய ஏரியின் கீழுள்ள நிலத்தைப் பற்றிப் பேசுகிறது. அதில் நம் பெங்களூரின் பெயர் வகரத்தில்தான் தொடங்குகிறது. இதைப் பிள்ளைகளிடம் சொன்னால் இரண்டு மொழியும் தெரிந்த அவர்கள் நம்மைவிட வேகமாகச் சோடி சேர்ப்பார்கள். எங்கள் தெருவில் ஒரு சிறுமி "அப்போ வேர், பேரு ஆகுமா மாமா?" என்று கேட்டாள். ஆகும்.

அக்காலத் தானக் கல்வெட்டுகளில் பரவலாக வரும் ஒரு தொடரையும் சொல்ல வேண்டும். நிலத்தைக் கொடுக்கும்போது "நஞ்சை புஞ்சை, மேல்நோக்கிய மரமும் கீழ்நோக்கிய கிணறும்" உட்படக் கொடுப்பதாக எழுதுவார்கள். ஊரில் தாத்தா காலத்துப் பத்திரம் இரும்புப் பெட்டியில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். நஞ்சையும் புஞ்சையும் மரமும் கிணறும் அதே நடையில் வரிசையாக நிற்கும். நாம் ஊரில் நேசிப்பது எது என்று யாராவது கேட்டால், அநேகமாக இந்தப் பட்டியலைத்தான் சொல்லுவோம். அந்தப் பட்டியல் எழுநூறு ஆண்டுகளாக மாறவில்லை, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. "பார்த்தீங்களா, பெங்களூரே நம்ம ஊருதான்!" என்று மேசையைத் தட்டும் அன்பர்கள் நம் கூட்டங்களில் உண்டு. கைதட்டலும் கிடைக்கும். ஆனால் கல் அப்படிச் சொல்லவில்லை. 2018-இல் ஹெப்பாளில் கிடைத்த கிட்டய்யாவின் நடுகல் ஏறத்தாழ 750-ஆம் ஆண்டைச் சேர்ந்தது, கன்னடம். பெங்களூர் என்ற பெயரைத் தாங்கிய பேகூர் வீரக்கல் ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியினது, அதுவும் கன்னடம். இரண்டும் சோழர் இங்கே கால் வைப்பதற்கு முந்தையவை. தொம்மலூர்க் கோயிலிலேயே விஜயநகரத் தேவராயர் காலத்துக் கன்னடக் கல்வெட்டு இருக்கிறது. சுற்றியிருந்த வீடுகளும் கிணறுகளும் நிலங்களும் அதே சொக்கப்பெருமாளுக்குத்தான் கொடுக்கப்படுகின்றன. ஆட்சி மாறியது, எழுதும் மொழி மாறியது. சுவாமியும் கிணறும் மாறவில்லை.

தவிரவும், கல்லில் தமிழ் எழுதியவர்களின் நேர் வாரிசுகள் நாம் என்று சொல்லிக்கொள்ளவும் முடியாது. நம்மில் பெரும்பாலோர் வந்த கதை வேறு. 1809-இல் கன்டோன்மென்ட் அமைந்தபோது பட்டாளத்தோடு வந்தவர்கள் உண்டு. 1940-இல் தொடங்கிய எச்.ஏ.எல்., பிறகு ஐ.டி.ஐ., பி.இ.எல். ஆலைகளில் வேலைக்கு வந்தவர்கள் உண்டு. கடைசியாகக் கம்ப்யூட்டர் கொண்டு வந்தவர்கள். அந்தக் கல்வெட்டுக்காரர்களுக்கும் நமக்கும் நடுவில் சில நூற்றாண்டு இடைவெளி. இதைச் சொன்னால் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கிறது. எனக்கு நிம்மதியாக இருக்கிறது. 1991 டிசம்பரில் காவிரிக்காக இந்த நகரம் எரிந்த இரவுகளில், வாசல் விளக்கை அணைத்துவிட்டு, வீட்டுக்குள்ளேயே குரல் தாழ்த்திப் பேசிய தலைமுறையைச் சேர்ந்தவன் நான். அதே ஆண்டு அல்சூர் ஏரிக்கரையில் வைக்கப்பட்ட திருவள்ளுவர் சிலை, பதினெட்டு ஆண்டுகள் துணி மூடிக் கிடந்து, 2009 ஆகஸ்டில்தான் திறக்கப்பட்டது. அதே மாதத்தில் சென்னை அயனாவரத்தில் சர்வக்ஞர் சிலையும் திறக்கப்பட்டது. யார் முந்தி என்ற வழக்கில் கல்வெட்டைச் சாட்சிக்கு இழுத்தால், கடைசியில் கல்லுக்குத்தான் ஆபத்து.

ஆபத்து வேறு வகையிலும் இருக்கிறது. திருப்பணி என்ற பெயரில் எழுத்தின் மேல் டைல்ஸ் ஒட்டிவிடுவதும், பெயிண்ட் அடிப்பதும், மணல் வீச்சில் 'சுத்தம்' செய்து எழுத்தையே தேய்த்துவிடுவதும் எல்லா மாநிலத்துக் கோயில்களிலும் நடக்கின்றன. ரைஸ் பார்த்த கற்களில் பல, சாலையும் கட்டடமும் வந்ததில் காணாமற் போயின. 2021 முதல் பெங்களூர் மிதிக் சொசைட்டி, நகரையும் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த கல்வெட்டுகளை முப்பரிமாண முறையில் ஸ்கேன் செய்து பாதுகாக்கும் பணியைத் தொடங்கிற்று. கன்னடம், தமிழ் என்று அவர்கள் பிரித்துப் பார்க்கவில்லை. அவர்களில் பலர் கன்னட அன்பர்கள் என்பதையும் நாம் நினைவில் வைப்பது நல்லது.

நம் வீட்டுக் கவலை இன்னொன்று. பிள்ளைகள் தமிழ் பேசுகிறார்கள், எழுத்து தெரியாது. பஸ் போர்டைக் கன்னடத்தில் சரளமாகப் படிக்கிற பையன், பாட்டி எழுதிய கடிதத்தை அம்மாவிடம் நீட்டுகிறான். அப்பாவுக்கோ தமிழ் தெரியும், கன்னட எழுத்து தெரியாது. தொம்மலூர்க் கோயிலில் இப்படி ஓர் அப்பாவும் பிள்ளையும் நின்றால், இருவரும் சேர்ந்தால்தான் அங்கே உள்ள எழுத்து முழுதும் அகப்படும்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். பழைய தமிழ் எழுத்தில் புள்ளி பெரும்பாலும் இராது. 'ன்' என்பதும் 'ன' போலவே நிற்கும். எகர ஏகார வேறுபாடும் கிடையாது. நடுநடுவே கிரந்த எழுத்து வரும். முதல் நாளிலேயே முழு வரியைப் படிக்க ஆசைப்படாமல், தொடக்கத்தில் 'ஸ்வஸ்திஸ்ரீ' என்று இருக்கிறதா என்று தேடுங்கள். க, ட, ப, ம, ர என்று தெரிந்த எழுத்தைப் பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள். கல்லின் மேல் மாவோ சுண்ணாம்போ பூச வேண்டாம். நேராக வெளிச்சம் அடித்தாலும் எழுத்து தெரியாது. செல்போன் விளக்கைச் சுவரை ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள். பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழுந்து வரும். அர்ச்சகரிடம் முதலில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அவர் கேட்கும் முதல் கேள்வியும் அநேகமாக "எந்த ஊரு?" என்பதாகத்தான் இருக்கும்.