சாவு வீட்டு வேலைக்கு வர்றீங்களா? முதல்ல இதை தெரிஞ்சுக்குங்க!

'சாவு வீட்டு வேலையா?' என்று முகம் சுளித்த காலம் மாறி வருகிறது. ஐஸ் பெட்டி வாடகை, அமரர் ஊர்தி என்று இந்த தொழிலில் இறங்கும் வாலிபர்கள் பல ஊர்களில் உண்டு.

பெட்டியை இறக்கி வைத்தால் வேலை முடிந்தது என்று நினைக்காதீங்க. நகை இருந்தால் வீட்டாரையே கழற்றச் சொல்லணும். பிறகு 'செயினை காணோம்' என்றால் பழி உங்க மேலதான்! கரண்ட் போனால் பெட்டி சும்மா நிற்கும். ஜெனரேட்டருக்கு வழி வேண்டும். திரும்பி வந்ததும் கிருமிநாசினி போட்டு கழுவணும். போன் ராத்திரி 2 மணிக்கும் அடிக்கும்.

அதைவிட முக்கியம் பேப்பர். வீட்டில் நோயால் இறந்தவர் என்றால் டாக்டர் சான்று கேளுங்க. தூக்கு, விஷம், விபத்து என்றால் போலீஸ் வராமல் உடலை தொடவே கூடாது. அவசரப்பட்டு எரித்துவிட்டால், தடயத்தை அழித்ததாக நீங்களும் வழக்கில் சிக்குவீங்க. இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்யணும் என்பதையும் வீட்டாருக்கு ஞாபகப்படுத்துங்க. பென்ஷன், இன்சூரன்ஸ் எல்லாத்துக்கும் அந்த சான்றிதழ்தான் ஆதாரம்.

இன்னொன்று. பெட்டி வாடகைக்கு விடுபவர் 'ஓனர்'. தலைமுறையாக சுடுகாட்டில் எரிப்பவரை மட்டும் பல ஊரில் இன்னும் 'வாடா, போடா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். நீங்க அண்ணன் என்று கூப்பிடுங்க. அவர் கூலியை முன்னாலேயே வீட்டாரிடம் பேசி, கையில் வாங்கிக் கொடுத்துடுங்க.